விலங்கு உருவக் குக்கீகள்: ஓவனுக்குள் போகும் யானை ஏன் யானையாகத் திரும்புவதில்லை?

மாவுக்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விலங்கு உருவத்தில் குக்கீ வேண்டும் என்று மகள் கேட்டதிலிருந்து மூன்று வாரங்களாக முயன்றுகொண்டிருக்கிறேன். மூன்று முறையும் தோல்விதான். அச்சில் வெட்டித் தட்டில் வைக்கும்போது யானை யானையாகவே இருக்கிறது. வெந்தபின் வெளியே எடுத்தால், துதிக்கை முன்காலோடு ஒட்டிக்கொண்டு, கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளி மூடிப்போய், வால் இருந்த இடமே தெரியாமல், நசுங்கிய உருளைக்கிழங்கைப் போன்ற ஒன்று கிடைக்கிறது. முயலில் இதற்கு நேர்மாறான சிக்கல்: காதுகள் கருகிவிடுகின்றன, வயிற்றுப் பகுதி வெளிறியே கிடக்கிறது. சுவையில் குறை இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் இது என்ன விலங்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுகிறார்கள்.

நான் எடுத்துக்கொண்ட அளவு: மைதா 250 கிராம், வெண்ணெய் 170 கிராம், சாதாரணச் சர்க்கரை 150 கிராம், முட்டை ஒன்று, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. வெண்ணெயையும் சர்க்கரையையும் மின்கலக்கியில் ஆறு நிமிடம், வெண்மையாகப் பொங்கி வரும் வரை அடித்தேன். மாவு சேர்ந்ததும் உடனே தேய்த்து, வெட்டி, வெண்ணெய் தடவிய தட்டில் வைத்து, 180 டிகிரி செல்சியஸில் 12 நிமிடம் வேகவைத்தேன். பிழை எங்கே என்று சொல்ல முடியுமா?

தணல் எழுதியது:

மாவுக்கை அவர்களுக்கு, நீங்கள் எழுதியிருப்பது நல்ல குக்கீக்கான முறைதான். உருவம் தாங்கும் குக்கீக்கான முறை அல்ல. வட்டமான குக்கீ பரவினால் பெரிய வட்டமாகிறது, யாரும் கவனிப்பதில்லை. யானை பரவினால் மட்டும்தான் நமக்குக் கண்ணில் படுகிறது.

ஓவனுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் பிழைகள் தாமாகவே தெரிந்துவிடும். வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. மாவுக்கு உறுதி தரும் முட்டையின் புரதமோ 60 டிகிரியைத் தாண்டிய பிறகே இறுகத் தொடங்குகிறது. சர்க்கரை கூடக் கூட அந்த இறுக்கம் இன்னும் தள்ளிப்போகிறது. ஆகவே வெண்ணெய் உருகிய கணத்துக்கும் மாவு இறுகும் கணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. உங்கள் யானை உருவம் இழப்பது அந்தச் சில நிமிடங்களில்தான். நாம் செய்யக்கூடியதெல்லாம் அந்த நேரத்தைக் குறுக்குவதும், அந்த நேரத்தில் ஓடுவதற்கு மாவில் அதிகம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

உங்கள் முறையில் நான்கு இடங்களில் யானை நெகிழ்கிறது. மைதாவின் எடையோடு ஒப்பிட்டால் 68 விழுக்காடு வெண்ணெய் இருக்கிறது. உருவக் குக்கீக்கு 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும். பேக்கிங் பவுடர் தேவையே இல்லை; அது மாவை மேலே தூக்கி, பிறகு பக்கவாட்டில் சரியவிடுகிறது. ஆறு நிமிடம் அடித்ததால் வெண்ணெய்க்குள் புகுந்த காற்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. உருவக் குக்கீக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்தாலே போதும், பொங்க வேண்டியதில்லை. கடைசியாக, தட்டில் தடவிய வெண்ணெய். அதன் மேல் வைத்த மாவு வழுக்கிக்கொண்டு பரவும். எண்ணெய் தடவாமல் பட்டர் பேப்பர் விரித்து அதன்மேல் வையுங்கள். மெழுகு பூசிய தாளை மாற்றி வாங்கிவிட வேண்டாம். மெழுகு ஓவனில் உருகிவிடும்.

எடைக்கல் எழுதியது:

தணல் சொன்ன விகிதத்தை அப்படியே சமையலறைக்குக் கொண்டுபோகும்படி என் அளவைத் தருகிறேன். பல ஆண்டுகளாக இதை மாற்றியதில்லை. மைதா 270 கிராம், கார்ன்ஃப்ளார் 30 கிராம், வெண்ணெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 120 கிராம், நடுத்தர முட்டை ஒன்று, உப்பு கால் தேக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி. 5 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, உள்ளங்கையில் பாதியளவுள்ள அச்சால் வெட்டினால் ஏறக்குறைய முப்பது உருவங்கள் வரும்.

கார்ன்ஃப்ளாரில் குளுட்டன் (மைதாவை இழுவையாக்கும் புரதம்) இல்லை என்பதால் குக்கீ கடினமாகாமல் கடித்ததும் உதிர்கிறது. கடையில் கிடைக்கும் பொடித்த சர்க்கரையிலும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சிறிதளவு மாவுச்சத்து சேர்த்திருப்பார்கள்; அதுவும் பரவலைக் கட்டுப்படுத்தவே உதவுகிறது. வீட்டில் மிக்ஸியில் பொடித்தால் நூறு கிராமுக்கு ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் சேர்த்துக்கொள்ளலாம்.

வெண்ணெய் மிருதுவாக இருக்க வேண்டும், பளபளக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும்; விரலில் எண்ணெய் ஒட்டினால் அது ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது, பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். இன்னொன்று: கோப்பையால் அளக்காதீர்கள். மாவைக் கோப்பையில் அழுத்தி அள்ளுவதற்கும் தூவி நிரப்புவதற்கும் நடுவே பெரிய வேறுபாடு உண்டு. மாவு சற்றுக் குறைந்தாலே யானையின் காது போய்விடும்.

அறைவெப்பம் எழுதியது:

எல்லோரும் அடுத்து மாவைக் குளிரவைக்கச் சொல்லப் போகிறீர்கள் என்று தெரிகிறது. அதற்கு முன்பே என் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்துவிடுகிறேன். எடைக்கல் கொடுத்ததைப் போன்ற விகிதத்தில் செய்த மாவைப் பாதி குளிரவைத்தும் பாதி உடனேயும் வெட்டி, ஒரே தட்டில் அடுத்தடுத்து வைத்து வேகவைத்துப் பார்த்திருக்கிறேன். விளிம்பில் சொல்லும்படியான வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. வெண்ணெய் அதிகமுள்ள மாவில்தான் குளிர் காப்பாற்றுகிறது. விகிதம் சரியாக இருந்தால் குளிரவைப்பது வெறும் சடங்கு. ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லிக் குழந்தைகளின் ஆர்வத்தைக் கெடுப்பது ஏன்?

தணல் எழுதியது:

அறைவெப்பம் அவர்களின் சோதனையை நான் மறுக்கவில்லை. விகிதம்தான் முதன்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அளந்தது ஓவனுக்குள் நடக்கும் பரவலை மட்டும். யானை உருவம் இழக்கும் இன்னோர் இடம் மேசைக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கிறது. நெகிழ்ந்த மாவில் வெட்டிய ஒட்டகச்சிவிங்கியைக் கையால் தூக்கும்போதே கழுத்து ஒரு விரல் நீளம் இழுபட்டுவிடுகிறது. பிறகு ஓவனைக் குறை சொல்லிப் பயனில்லை. குளிர்ந்த மாவு அட்டைபோல நிற்கும், கத்தியை அடியில் கொடுத்துத் தூக்கினால் அப்படியே வரும்.

காத்திருப்பைப் பற்றிய கவலைக்கு எளிய வழி உண்டு. மாவை உருண்டையாக வைத்துக் குளிரவைப்பதால்தான் ஒரு மணி நேரம் ஆகிறது, பிறகு தேய்க்கும்போது விரிசலும் விடுகிறது. பிசைந்த உடனே, மிருதுவாக இருக்கும்போதே, இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துவிடுங்கள். அந்தத் தாளோடு தட்டையாகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அரை மணி நேரத்துக்குள் வெட்டத் தயாராகிவிடும். தூவுமாவும் தேவைப்படாது, தேய்க்கும்போது சேரும் தூவுமாவுதான் பலருடைய குக்கீகள் கடைசியில் வறண்டு போவதற்குக் காரணம். இருபுறமும் ஒரே கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களை வைத்து அவற்றின் மேல் உருட்டுக்கட்டையை ஓட்டினால் கனமும் சீராக வரும்.

அறைவெப்பம் எழுதியது:

தூக்கும்போது இழுபடுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பது உண்மை. நான் பட்டர் பேப்பரின் மேலேயே வெட்டி, சுற்றியுள்ள உபரி மாவைத்தான் அகற்றுவேன், உருவத்தைத் தூக்குவதே இல்லை. ஆகையால் எனக்கு அந்தச் சிக்கல் வந்ததில்லை. குளிர் தேவையா இல்லையா என்பது எப்படி வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று திருத்திக்கொள்கிறேன்.

கத்தரிக்கோல் எழுதியது:

எல்லோரும் மாவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு மாவுக்கை எழுதியதில் கண்ணில் பட்டது முயலின் காதுதான். அது விகிதத்தால் கருகவில்லை, உருவத்தால் கருகியது. ஒரு குக்கீயின் மெல்லிய பகுதி மூன்று பக்கமும் வெப்பத்தைப் பார்த்து நிற்கிறது. வயிறு நான்கு பக்கமும் மாவால் சூழப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வேக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. காகிதத்தில் அழகாக இருக்கும் விலங்கு மாவில் அழகாக இருக்காது என்பதை நான் ஏராளமான கருகிய வால்களுக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

நான் அச்சு வாங்குவதில்லை. தடித்த அட்டையில் உருவத்தை வரைந்து, வெட்டி, குளிர்ந்த மாவின் மேல் வைத்துக் கூரிய சிறு கத்தியால் சுற்றி வெட்டுவேன். வரையும்போது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றே: உருவத்தின் எந்தப் பகுதியும் என் சுண்டுவிரலைவிட மெலிந்திருக்கக் கூடாது. அதனால் என் யானைக்குத் துதிக்கை தொங்காது. நெஞ்சோடு ஒட்டிச் சுருண்டிருக்கும், நடுவில் கத்தி முனையால் ஒரு கோடு மட்டும் கீறிவிடுவேன். நான்கு கால்களுக்குப் பதில் இரண்டு தடித்த கால்கள், அவற்றை முன்பின்னாகப் பிரிக்க மறுபடியும் ஒரு கீறல். முயலுக்கு இரண்டு காதுகளையும் பின்னோக்கி முதுகின்மேல் படுக்கவைத்துவிடுங்கள்; உட்கார்ந்திருக்கும் முயல் எப்படியும் அப்படித்தான் இருக்கும். பூனையைச் சுருண்டு தூங்கவைத்தால் வாலே சிக்கலாகாது. ஆமை, திமிங்கலம், ஆந்தை, முள்ளெலி, கோழிக்குஞ்சு ஆகியவை கருகுவதற்கு எதையும் நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. தொடங்குபவர்களுக்கு இவையே ஏற்றவை. மானின் கொம்பை மட்டும் யாரும் முயல வேண்டாம். அதை வெந்த பிறகு ஐசிங்கால், அதாவது சர்க்கரைப் பூச்சால், வரைந்துகொள்ளலாம்.

பெட்டியில் விற்கப்படும் சிறிய விலங்குப் பிஸ்கட்டுகளை உற்றுப் பார்த்தால் இதே தந்திரம் தெரியும். 1902இல் நேஷனல் பிஸ்கட் கம்பெனி வெளியிட்ட, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடக் கயிறு கட்டிய பெட்டியில் வந்த பார்னம்ஸ் அனிமல்ஸ் இன்றும் கிடைக்கிறது. அந்த விலங்குகளின் வெளிக்கோட்டை மட்டும் பார்த்தால் சிங்கமா கரடியா என்று பல நேரங்களில் சொல்லவே முடியாது. உருவத்தை உணர்த்துவது மேற்பரப்பில் அழுந்திய கோடுகள்தான். 2018இல் பெட்டியின் படத்திலிருந்த கூண்டுகளைக்கூட எடுத்துவிட்டார்கள், ஆனால் விலங்குகளின் கால்கள் இன்னும் விடுதலை பெறவில்லை. சொல்லவந்தது இதுதான்: வெளிக்கோட்டை எளிமையாக்குங்கள், விவரங்களைக் கீறல்களுக்கும் குத்தல்களுக்கும் விட்டுவிடுங்கள். கீறல் மாவின் கனத்தில் பாதி ஆழம் வரை போக வேண்டும். மேலோட்டமான கோடு ஓவனில் மூடிக்கொள்ளும்.

கூர்மையான அச்சு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அழுத்தியதும் திருகாதீர்கள். நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகினால் காது அச்சோடு போய்விடும். ஒட்டினால் அச்சின் விளிம்பை உலர்ந்த மைதாவில் தொட்டுக்கொள்ளலாம்.

பால்நிலா எழுதியது:

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. இந்த அளவில் முட்டைக்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம்? வாழைப்பழம் சேர்த்துப் பார்த்தேன், கேக்கைப் போல ஊதிவிட்டது.

எடைக்கல் எழுதியது:

வாழைப்பழம் ஈரத்தையும் சர்க்கரையையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது, உருவக் குக்கீக்கு இரண்டுமே எதிரி. முட்டையை நீக்கிவிட்டுக் குளிர்ந்த பாலை இரண்டு மேசைக்கரண்டி மட்டும், ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். மாவு கையில் சேர்ந்து வந்ததும் நிறுத்திவிடுங்கள், இரண்டாவது கரண்டி தேவைப்படாமலேயே போகலாம். உண்மையில் முட்டையில்லாத மாவு ஓவனில் இன்னும் குறைவாகவே பரவும். ஆனால் வெந்தபின் எளிதில் உடையும். ஆகவே 6 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, தடித்த உருவங்களையே தேர்ந்தெடுங்கள்.

மாவுக்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று எடைக்கல் தந்த அளவில், இரண்டு தாள்களுக்கு நடுவே தேய்த்து, அரை மணி நேரம் குளிரவைத்து, 170 டிகிரியில் செய்தேன். யானை யானையாகவே வந்தது. துதிக்கைக்கும் காலுக்கும் நடுவே ஓட்டை அப்படியே இருந்தது. மகள் அந்த ஓட்டையின் வழியே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று. முதல் தட்டில் வந்த விலங்குகள் நன்றாக இருந்தன. மீந்த துண்டுகளைச் சேர்த்துப் பிசைந்து மறுபடி தேய்த்து வெட்டிய மூன்றாவது தட்டில் ஒட்டகச்சிவிங்கிகள் எல்லாம் குட்டையாகிவிட்டன. பரவவில்லை, சுருங்கிவிட்டன. கடிப்பதற்கும் கடினமாக இருந்தன. தட்டு இரண்டுதான் இருப்பதால் முதல் தட்டையே திரும்பப் பயன்படுத்தினேன். அது காரணமாக இருக்குமா?

தணல் எழுதியது:

இரண்டு காரணங்கள் இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு. கழுத்து சுருங்கியது குளுட்டனால். மைதாவைத் திரும்பத் திரும்பப் பிசைந்து தேய்க்கும்போது குளுட்டன் ரப்பரைப் போல இழுவிசை பெறுகிறது. நீங்கள் எந்தத் திசையில் தேய்த்தீர்களோ அந்தத் திசையில் ஓவனில் அது திரும்பச் சுருங்கும். நீளமான விலங்கு என்பதால் உங்களுக்கு அது கழுத்தில் தெரிந்தது. துண்டுகளைப் பிசையாதீர்கள்; பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, கையால் அழுத்திச் சேர்த்து, ஒருமுறை மட்டும் தேய்த்து, அரை மணி நேரம் குளிரில் ஓய்வு கொடுத்துவிட்டு வெட்டுங்கள். தேய்க்கும்போதும் தாளைக் கால் வட்டமாகத் திருப்பித் திருப்பித் தேய்த்தால் இழுவிசை ஒரே பக்கம் சேராது. மூன்றாவது முறை சேரும் மாவை நான் உருவத்துக்குப் பயன்படுத்துவதே இல்லை, விரல் நீளக் கயிறுகளாக உருட்டிப் பாம்பாக்கிவிடுவேன். பாம்பு சுருங்கினால் யாருக்கும் தெரியாது.

சூடான தட்டு இன்னொரு பிழை, ஆனால் அது சுருக்காது. அடிப்பக்கத்து வெண்ணெயை ஓவனுக்குப் போகும் முன்பே உருக்கிப் பரவவிடும். தட்டைக் குழாய் நீரில் காட்டித் துடைத்து ஆறவிட்டு, பட்டர் பேப்பரோடு வெட்டிய உருவங்களை அப்படியே அதன்மேல் நகர்த்துங்கள்.

உங்கள் ஓவன் 170 டிகிரி என்று காட்டுவதை நம்பவும் வேண்டாம். வீட்டு ஓவன்களில் பத்து இருபது டிகிரி பிசகு இருப்பது இயல்பு. உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி ஒன்று வாங்கினால் நிறைய ஐயங்கள் தீரும். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைத்துவிடுங்கள். எந்த ஓவனாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு யானையை மட்டும் வேகவைத்துப் பாருங்கள். அது போனால் ஒன்றுதான் போகும்.

தூரிகை எழுதியது:

உருவம் நின்றுவிட்டது என்பதால் நிறத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மாவிலேயே நிறம் சேர்ப்பதாக இருந்தால் நீர்த்த நிறமியைத் தவிர்த்து ஜெல் நிறமியைப் பயன்படுத்துங்கள். கூடுதல் ஈரம் உங்கள் விகிதத்தைக் கெடுத்துவிடும். வெண்ணெயின் மஞ்சளும் ஓவனின் பழுப்பும் எந்த நிறத்தோடும் கலக்கும் என்பதை மறக்க வேண்டாம். நான் ஆசையாகச் செய்த நீலத் திமிங்கலங்கள் பாசி படிந்த பச்சையாக வெளியே வந்தன. பீட்ரூட் பொடியின் சிவப்பு ஓவன் வெப்பத்தில் மங்கிப் பழுப்பாகிறது. அதை ஐசிங்கில் பயன்படுத்துவதே நல்லது. நம்பகமான நிறம் கோகோ ஒன்றே: மைதாவில் 30 கிராமை எடுத்துவிட்டு அதே எடை கோகோ சேர்த்தால் கரடியும் குரங்கும் தயார். ஆனால் கோகோ மாவில் விளிம்பு பழுப்பாவதைக் கண்ணால் காண முடியாது, ஆகவே வெள்ளை மாவுக் குக்கீ ஒன்றை அதே தட்டின் ஓரத்தில் காவலாளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு எள் மிகச் சிறந்தது. வேகும் முன்பே ஈரத்தோடு அழுத்திவிடலாம். உலர்திராட்சை ஓவனில் ஊதிக் கருகும். சர்க்கரையால் செய்த கண்கள் உருகி வழியும், விலங்கு அழுவதுபோல இருக்கும். சாக்லேட் துளிகளைக் குக்கீ வெளியே வந்த உடனே, சூடாக இருக்கும்போதே அழுத்தினால் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

ராயல் ஐசிங் (வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்ந்த, காய்ந்து இறுகும் பூச்சு) பூச விரும்பினால், பச்சை முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதில் பதப்படுத்தி உலர்த்திய வெள்ளைக்கருப் பொடியைப் பயன்படுத்துங்கள், குறிப்பாகச் சிறு குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால். முதலில் பற்பசையைப் போன்ற கெட்டியான கலவையால் விளிம்பை வரைந்து, பிறகு அதையே சில துளி நீரால் தளர்த்தி உள்ளே நிரப்ப வேண்டும். கரண்டியால் தூக்கி ஊற்றிய கோடு 15 விநாடிக்குள் மறைந்து சமனானால் பதம் சரி. குக்கீ முழுவதும் ஆறாமல் பூசினால் அடியிலுள்ள வெண்ணெய் ஐசிங்குக்குள் ஏறிக் கறையாகத் தெரியும். பூசியபின் ஓர் இரவு திறந்தே காயவிட வேண்டும்.

குழந்தையோடு செய்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். வேகாத மாவை நக்கவிடாதீர்கள். முட்டை சேர்க்காத மாவாக இருந்தாலும் அப்படித்தான்; மைதா வேகாத பொருள், அதிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். எங்கள் வீட்டில் இதற்கான சண்டை இன்னும் முடியவில்லை.

பால்நிலா எழுதியது:

பாலில் செய்த ஆமைகள் நன்றாக வந்தன. ஒரு கரண்டிப் பாலே போதுமானதாக இருந்தது. ஆனால் சூடாக எடுத்தபோது நான்கு ஆமைகளின் தலைகள் கையோடு வந்துவிட்டன.

எடைக்கல் எழுதியது:

அது வெப்பத்தில் இயல்பு. வெந்த உடனே உள்ளே இருக்கும் வெண்ணெய் இன்னும் திரவமாகவே இருக்கிறது. அது ஆறி இறுகிய பிறகுதான் குக்கீக்கு முழு வலிமை வரும். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். முழுவதும் ஆறும் முன் டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே ஆவி படிந்து நமுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் வரை மொறுமொறுப்பு நிற்கும். வெட்டி வேகவைக்காத உருவங்களை ஃபிரீசரில் மூன்று மாதம் வரை வைத்து, உறைந்த நிலையிலேயே ஓவனில் வைக்கலாம், ஓரிரு நிமிடம் கூடுதலாகும். உடைந்த தலைகளைச் சிறிது ஐசிங் வைத்து ஒட்டி, மேலே ஒரு கோடு வரைந்துவிட்டால் கழுத்துப்பட்டையாகிவிடும்.

மாவுக்கை எழுதியது:

இந்த வாரம் கத்தரிக்கோல் சொன்னபடி அட்டையில் நானே வரைந்தேன். காதைப் படுக்கவைத்த முயல் ஒன்றுகூடக் கருகவில்லை. துண்டுகளைப் பிசையாமல் அடுக்கித் தேய்த்ததில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தும் அட்டையில் வரைந்த நீளத்துக்கே வந்தது. அளந்து பார்த்தேன், ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு. மூன்றாவது முறை மாவு பாம்பாகிவிட்டது. அதற்கு எள்ளுக் கண் வைத்தவள் மகள்தான், ஒரு பாம்புக்கு மட்டும் மூன்று கண்கள்.

இப்போது அவள் ஆக்டோபஸ் கேட்கிறாள். எட்டுக் கைகளும் சுண்டுவிரல் கனத்தில் இருந்தால் குக்கீ சாப்பாட்டுத் தட்டளவு ஆகிவிடுமே?

கத்தரிக்கோல் எழுதியது:

கைகளை விரிக்காதீர்கள். தலையை ஒரு வட்டமாகவும், அதன் கீழே கைகள் அனைத்தையும் சேர்த்துப் பாவாடை போன்ற ஒரே துண்டாகவும் வெட்டுங்கள். அடிவிளிம்பை அலையலையாக எட்டு வளைவு வரும்படி வெட்டி, ஒவ்வொரு வளைவுக்கும் நடுவே கத்தி முனையால் பாதி ஆழத்துக்கு ஒரு கீறல். ஏழு கீறல் போதும். வெட்டிய பிறகு பத்து நிமிடம் ஃபிரீசரில் வைத்துவிட்டு ஓவனில் வையுங்கள், கீறல் மூடாது.